வயரா, புளூடூத்தா, ஸ்டாண்டோடு வருவதா: வீட்டில் கேட்க எந்த ஹெட்போன்?

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் மூன்று சத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஹாலில் மாமா செய்தி விவாதம் பார்ப்பார். வால்யூம் முப்பத்தைந்துக்குக் கீழே இறங்காது. உள்ளறையில் மகள் கீபோர்டு பழகுவாள். சமையலறையில் நான் போனில் ஏதாவது கச்சேரியை ஓடவிட்டு வெங்காயம் நறுக்குவேன். கடைசியில் யாருக்கும் எதுவும் ஒழுங்காகக் கேட்காது. ஒருநாள் லிஃப்டில் கீழ் வீட்டுக்காரர், "நேத்து விவாதத்துல யாருங்க ஜெயிச்சது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றைக்கு ராத்திரியே ஹெட்போன் வாங்குவதென்று முடிவானது.

கடையிலும் இணையத்திலும் விசாரித்தால் எல்லோரும் ரயிலிலும் ஆபீசிலும் போட்டுக்கொள்கிறவருக்காகவே பேசுகிறார்கள். பேஸ் எப்படி, வெளிச்சத்தத்தை எவ்வளவு அடைக்கும், ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் வரும் என்பதே பேச்சு. வீட்டில் கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது வேறு. ஹெட்போனின் மறுமுனையில் இருப்பது டிவியா, போனா, கீபோர்டா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். ஒலித்தரத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். தப்பான ஒன்றை முதலில் வாங்கித்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

அந்தத் தப்பு ஒரு புளூடூத் ஹெட்போன், விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். எங்கள் டிவியிலேயே புளூடூத் உண்டு. இரண்டையும் இணைத்து மாமாவின் தலையில் மாட்டிவிட்டேன். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தார். "வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் வருதும்மா. டப்பிங் படம் மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டார். அதற்குள் அத்தை, "டிவியில சத்தமே வரலையே?" என்று ரிமோட்டைத் தேட ஆரம்பித்திருந்தார். புளூடூத் இணைந்ததும் டிவியின் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. இரண்டு சத்தத்தையும் ஒரே நேரத்தில் விடும் டிவிகள் உண்டு. எங்களுடையது அந்த ரகமில்லை.

ஹெட்போனில் பழுதில்லை. புளூடூத்தின் இயல்பே அப்படி. டிவி ஒலியைச் சுருக்கி, சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்க நேரம் வேண்டும். அதற்காக ஹெட்போன் எப்போதும் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பிரித்து ஒலிக்கிறது. எல்லா புளூடூத் ஹெட்போனிலும் இருக்கும் எஸ்.பி.சி. என்ற ஒலிச் சுருக்க முறையில் இந்தத் தாமதம் பொதுவாக 150 முதல் 250 மில்லி செகண்டு வரை போகும். கால் செகண்டு என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காக வகுத்திருக்கும் வரையறைப்படி, ஒலி படத்துக்கு 125 மில்லி செகண்டு பின்தங்கும்போதே பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கும். 185-ஐத் தாண்டினால் சகிக்க முடியாது. ஒலி முந்திக்கொண்டாலோ 45-லேயே உறுத்தும். பின்தங்கும் சத்தத்துக்கு நாம் பழகியவர்கள். ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்தால், துணி கல்லில் பட்ட பிறகுதானே சத்தம் வந்து சேர்கிறது! சத்தம் முந்தி வருவதை மட்டும் இயற்கையில் யாரும் பார்த்ததில்லை.

போனில் யூடியூப் பார்க்கும்போது இந்தக் கோளாறு ஏன் தெரிவதில்லை என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. ஹெட்போன் எவ்வளவு தாமதிக்கும் என்று போனுக்குத் தெரியும். அந்த அளவுக்குப் படத்தையும் பிடித்து வைத்துக்காட்டுகிறது. டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்களிலும் சில மாடல்கள் இதைச் செய்துவிடும். செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தைப் பெரும்பாலான டிவிகள் அப்படிப் பிடித்து வைப்பதில்லை. செட்டிங்கில் 'ஆடியோ டிலே' என்று ஒன்று இருக்கும். ஆசையாகப் போய்த் திருகினேன். அது ஒலியை இன்னும் பின்னுக்குத் தள்ளத்தான் உதவும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

சரி, டிவிக்கு என்னதான் வழி? ஆளுக்கும் அறைக்கும் ஏற்ப மூன்று நான்கு இருக்கின்றன.

எல்லாவற்றிலும் மலிவானது வயர். ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் சில நூறு ரூபாய்தான். தாமதம் கிடையாது, சார்ஜ் கிடையாது. கட்டிலிலோ சாய்வு நாற்காலியிலோ ஒரே இடத்தில் இருந்து பார்க்கிறவருக்கு, வயரைச் சுவரோரமாக ஓட்டிவிட முடியுமென்றால், இதைவிட வேறொன்றும் தேவையில்லை என்பேன். எங்கள் ஹாலில் வயர் நடைபாதையைக் குறுக்கே கடக்கும். எழுபத்தாறு வயதுக்காரர் இருக்கும் வீட்டில் தரையில் வயர் கிடக்கக் கூடாது. அதோடு அந்த யோசனை முடிந்தது. டிவியின் ஹெட்போன் ஜாக்கில் செருகினாலும் பல மாடல்களில் ஸ்பீக்கர் நின்றுவிடும் என்பது அத்தை தரப்பு நியாயம்.

அடுத்தது, டிவியோடு தனியாக ஒரு புளூடூத் டிரான்ஸ்மிட்டரை மாட்டுவது. இதில் 'ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி' என்ற முறை இருந்தால் தாமதம் 40 மில்லி செகண்டு அளவுக்குக் குறையும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டிரான்ஸ்மிட்டரில் மட்டும் இருந்து பயனில்லை, ஹெட்போனிலும் அதே பெயர் இருக்க வேண்டும். பெட்டியில் வெறும் 'ஆப்ட்எக்ஸ்' என்று போட்டிருந்தால் அது வேறு. இப்போது வரும் ஹெட்போன்களில் இந்த லோ லேட்டன்சி வகை அரிதாகிவிட்டது. ஏற்கெனவே நல்ல புளூடூத் ஹெட்போன் வைத்திருந்து, அதில் இந்தப் பெயரும் இருந்தால் மட்டும் இந்த வழியில் போகலாம். புதிதாக இரண்டையும் தேடி ஜோடி சேர்ப்பது, ஜாதகம் பார்க்கிற வேலை.

மூன்றாவதுதான் நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம்: ஸ்டாண்டோடு வரும் ரேடியோ ஹெட்போன். டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு இருக்கும். அதுவே அனுப்பும் கருவி, அதுவே சார்ஜர். இதில் இரண்டு வகை. பழைய அனலாக் வகை, 800, 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒலிபரப்பும் ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி. சுருக்கிப் பிரிக்கும் வேலையே இல்லாததால் தாமதமும் இல்லை. அதே அலைவரிசையில் வைத்தால் இன்னொரு ஹெட்போனிலும் கேட்கலாம். பதிலுக்கு, மௌனமான இடங்களில் மெல்லிய 'உஸ்' சத்தம் இருக்கும். தலையைத் திருப்பினால் சில சமயம் கரகரக்கும். சென்ஹைசர் ஆர்.எஸ். 120 இந்த வகையில் நெடுநாள் விற்ற மாடல். டிஜிட்டல் வகை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது; உஸ் இல்லை, விலை அதிகம். அதே கம்பெனியின் ஆர்.எஸ். 175, 195 போன்றவை அந்த ரகம். பெட்டியில் நூறு மீட்டர் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அது வெட்டவெளிக் கணக்கு. நம் ஒன்பது இஞ்சுச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டி வந்தால் போதும்.

ஒலியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, இணைக்கும் வேலையே இல்லை. புளூடூத் ஹெட்போனை மாமா ஆன் செய்தால் அது முதலில் என் போனைத் தேடி ஓடும். அப்புறம் மெனுவுக்குள் போய் யாராவது டிவிக்கு மாற்றிவிட வேண்டும். ஸ்டாண்டு வகையில் எடுத்து மாட்டினால் பேசும், கழற்றி வைத்தால் சார்ஜ் ஏறும். இரண்டு, இந்த வகையில் பல மாடல்களுக்கு ரிமோட்டில் போடுவது போன்ற டிரிபிள் ஏ அளவு ரீசார்ஜபிள் பேட்டரிதான். தேய்ந்துபோனால் நாமே மாற்றிவிடலாம். புளூடூத் ஹெட்போனில் பேட்டரி உள்ளே ஒட்டிக் கிடக்கும். மூன்று நான்கு வருடத்தில் அது சோர்ந்தால், மலிவு ரகங்களில் முழு ஹெட்போனும் குப்பைதான்.

அகச்சிவப்புக் கதிரில் ஓடும் ஹெட்போன்களும் உண்டு. டிவி ரிமோட் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும், ஜன்னல் வெயில் அடித்தால் தடுமாறும். விட்டுவிடலாம்.

ஸ்டாண்டை எங்கே செருகுவது என்பதில்தான் கொஞ்சம் மண்டையைக் குடைய வேண்டியிருந்தது. டிவியின் ஆப்டிகல் ஓட்டையில் செருகுவது ஒரு வழி. ஆனால் ஒலி வடிவத்தை டிவி செட்டிங்கில் 'பி.சி.எம்.' என்ற சுருக்காத வகைக்கு மாற்ற வேண்டும். டால்பி என்ற சுருக்கிய வகையில் இருந்தால் பல டிரான்ஸ்மிட்டர்களுக்கு அது புரியாது, ஹெட்போனில் மௌனம்தான். பழுது என்று நினைத்து இதனாலேயே திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு ஒத்துவந்தது இன்னொரு வழி. செட்டாப் பாக்ஸின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயருக்கான இடம் இருக்கும். எச்.டி.எம்.ஐ. வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. அதில் வெள்ளையையும் சிவப்பையும் மட்டும் எடுத்து ஸ்டாண்டுக்குக் கொடுத்தேன். டிவிக்கு அது தெரியவே தெரியாது. அதன் ஸ்பீக்கர் பாட்டுக்கு ஓடும். அத்தை டிவி ரிமோட்டில் தன் சத்தத்தை வைத்துக்கொள்வார், மாமா காதில் உள்ள திருகில் தன்னுடையதை வைத்துக்கொள்வார். கூடவே ஒரு லாபம். படத்தை மெருகேற்றிக் காட்ட டிவி சில பத்து மில்லி செகண்டு எடுத்துக்கொள்கிறது; பாக்ஸிலிருந்து நேராக வரும் ஒலிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. டிஜிட்டல் ஹெட்போனுக்குச் சின்னத் தாமதம் இருந்தாலும் அது இதில் கரைந்துவிடும். குறை என்னவென்றால், இது செட்டாப் பாக்ஸில் வருவதற்கு மட்டும்தான். டிவி ஆப்பில் படம் பார்த்தால் ஹெட்போனில் எதுவும் வராது. மாமா ஆப் பக்கம் போகிறவரல்ல.

காது பற்றியும் ஒரு வார்த்தை. வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சுப் பக்கத்து ஒலிகள். 'ச', 'ஸ', 'ப', 'த' போன்ற மெய்களின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. டிவி வால்யூமை ஏற்றினால் உயிரெழுத்துகள் உரக்கும். மெய்கள் அதே மங்கலில் நிற்கும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னு தெரியல" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஹெட்போன் வாயைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதால், ஹாலின் எதிரொலியும் மிக்ஸி சத்தமும் நடுவில் வருவதில்லை. குறைந்த வால்யூமிலேயே பேச்சு பிடிபடுகிறது. ஆனால் இது வைத்தியமல்ல. நாங்கள் முதலில் காது டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துவிட்டுத்தான் வாங்கினோம். காதுக்குப் பின்னால் செவித்துணைக் கருவி வைத்திருப்பவருக்கு மேலே ஹெட்போன் அழுத்தினால் கருவி விசிலடிக்கும். அவர்களுக்கு அந்தக் கருவிக்கே நேராக ஒலி அனுப்பும் டிவி இணைப்புகள் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குவதே நல்லது.

சமையலறைக்கு வந்தால் கணக்கு அப்படியே தலைகீழ். இங்கே மறுமுனையில் போன். படம் கிடையாது, பாட்டும் பேச்சும்தான். கால் செகண்டு தாமதித்தால் யாருக்கு நஷ்டம்? புளூடூத் இதற்கென்றே செய்தது மாதிரி பொருந்தும். வயர் இங்கே ஆபத்து. ஒருமுறை அலமாரிக் கைப்பிடியில் வயர் மாட்டி, போன் கழுவுதொட்டிக்குள் விழுந்தது. அப்புறம் வயரோடு அடுப்படிக்குப் போனதில்லை.

எந்தப் புளூடூத் என்பதில்தான் எனக்கும் என் கணவருக்கும் ஒத்துப்போகவில்லை. காதை முழுக்க மூடும், சத்தத்தை அடைக்கும் பெரிய ரகத்தை அவர் சிபாரிசு செய்தார். சமையலறையில் நான் கேட்டாக வேண்டியவை இருக்கின்றன: குக்கரின் மூன்றாவது விசில், காலிங் பெல், மோட்டார் போட்டு தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம், பால் பொங்கும் 'ஸ்ஸ்'. இவற்றை அடைக்கக் காசு கொடுப்பானேன்? அந்த அடைக்கும் தொழில்நுட்பம் ஏசி, ஃபிரிஜ் போன்ற ஒரே சீரான ரீங்காரத்தைத்தான் நன்றாக அழிக்கும். மிக்ஸியிடம் தோற்றுப்போகும். அது வேலை செய்வது வெளியே வைத்த சின்ன மைக்குகளால். அவற்றின் மேல் ஃபேன் காற்று அடித்தால் சில ஹெட்போன்களில் 'புர்ர்' என்று ஒரு சத்தம் உள்ளே வரும். நம் ஊரில் ஃபேனுக்கு அடியில் உட்காராமல் யார் பாட்டுக் கேட்கிறார்கள்? பெரிய ரகத்தின் ரெக்சின் மெத்தைக்கு வியர்வையும் ஆகாது. ஒன்றிரண்டு வருடத்தில் தோல் உரிந்து, கறுப்புத் துகள் காதோரமெல்லாம் ஒட்டும்.

இயர்பட்ஸ் ஒன்றை மட்டும் ஒரு காதில் போட்டுக்கொள்ளலாம். பல சமயம் அதுவே போதும். ஆனால் குனியும்போது சாம்பாருக்குள் விழுந்துவிடுமோ என்று எனக்கு ஒரு கண் எப்போதும் அதன் மேலேயே இருந்தது. கழுத்தில் தொங்கும் நெக்பேண்டு வாங்கினேன். ஆயிரத்துச் சொச்சம். அழகில்லை, இளக்காரமாகப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் ஒரு காதைக் கழற்றித் தொங்கவிடலாம், தொலையாது, வாரம் இரண்டு தரம் சார்ஜ் போட்டால் போதும்.

வீட்டுக்குள் புளூடூத் விட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. சுவர் ஒன்று. வைஃபை ரவுட்டரும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் உண்டாக்குவது இரண்டு. வீட்டுச் சாதனங்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் குறையும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் ஓடுகிறது என்பது மூன்றாவது. சில சமயம் நம் உடம்பே சுவர். உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும். போனை இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றினால் சரியாகிவிடுவதை நீங்களே பார்க்கலாம்.

மகளின் கீபோர்டுக்கு விவாதமே கிடையாது. வயர்தான். கட்டையை அமுக்கி இருநூறு மில்லி செகண்டு கழித்து ஸ்வரம் வந்தால் விரல் குழம்பிப்போகும். தாளம் கையை விட்டு நழுவும். 40 மில்லி செகண்டே வாசிப்பவருக்கு உறுத்தும். கீபோர்டில் 'புளூடூத் உண்டு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அது போனிலிருந்து பாட்டை உள்ளே வாங்கத்தான். ஆன்லைனில் பாட்டு கற்றுக்கொள்பவர்களுக்கும் வயரே கதி, இன்னொரு காரணத்தால். லேப்டாப்பில் புளூடூத் ஹெட்போனின் மைக்கை ஆன் செய்ததும், அது பாட்டுக்கான முறையிலிருந்து போன் பேச்சுக்கான முறைக்கு இறங்கிவிடுவது சகஜம். டீச்சரின் கமகம் பழைய டிரங்கால் மாதிரி வரும்.

மிச்சமிருப்பது ராத்திரிப் பாட்டு. இது என் கணவரின் கட்சி. எல்டாக் என்ற புளூடூத் ஒலி முறை இல்லாத ஹெட்போன் ஹெட்போனே இல்லை என்பார். கணக்கு இப்படி: சிடியில் ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் ஒலி. எஸ்.பி.சி. அதை 328 வரைக்கும் சுருக்குகிறது, ஆப்ட்எக்ஸ் 352, சோனியின் எல்டாக் 990, 660, 330 என்று மூன்று படி. நெரிசல் இருந்தால் எல்டாக் தானாகக் கீழ்ப்படிக்கு இறங்கும். அடுக்ககத்தில் சுற்றிலும் பத்து வைஃபை. ஐபோனில் எல்டாக்கே கிடையாது, ஏ.ஏ.சி.தான். அப்புறம், நாம் கேட்பது பெரும்பாலும் யூடியூபில் ஏற்றிய பழைய கச்சேரி. அது ஏற்கெனவே சுருங்கித்தான் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை விட்டு இந்த முறைகளை ரகசியமாக மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி அவரைச் சோதித்தோம். பத்துக்கு ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அதே ஐந்து வந்திருக்கும். கேட்கும்போது எனக்கு வித்தியாசம் தெரிந்தது ஜால்ராவில் மட்டும். அதுவும் நினைப்பாக இருக்கலாம்.

உண்மையாகவே ஒலிக்காகச் செலவழிப்பதென்றால், நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்கு வயர்தான் என் ஓட்டு. அதே விலையில் பேட்டரிக்கும் சிப்புக்கும் போகும் காசு ஒலிக்குப் போகிறது. சென்ஹைசர் எச்.டி. 600 என்ற மாடல் 1997-இல் வந்தது, இன்னமும் விற்கிறது; வயரும் காது மெத்தையும் தனியாகக் கிடைக்கும். எந்தப் புளூடூத் ஹெட்போனுக்கும் அப்படி ஓர் ஆயுளை நான் பார்த்ததில்லை. ஆனால் அது திறந்த முதுகு ரகம், பக்கத்தில் தூங்குகிறவருக்கும் பாட்டுக் கேட்கும், ஆம்ப்ளிஃபயரும் கேட்கும். எங்கள் வீட்டு நிலவரத்துக்கு மூடிய ரகம், வயர், லேப்டாப்பில் செருகல். படுத்துக்கொண்டு கேட்பதென்றால் மட்டும் அவர் தன் புளூடூத்தை எடுத்துக்கொள்கிறார். அதில் வயரும் செருகலாம் என்பதால் நான் எதிர்க்கவில்லை. புளூடூத் வாங்குகிறவர்கள் அந்த 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சத்த அளவு பற்றி: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 என்று வைத்திருக்கிறது. ஹெட்போன் போட்ட மகளை மூன்றடி தள்ளி நின்று சாதாரணக் குரலில் கூப்பிடுவேன். திரும்பவில்லை என்றால் வால்யூமைக் குறைக்கச் சொல்வேன். சாப்பிடக் கூப்பிட்டால் திரும்பாததை இதில் சேர்க்கவில்லை.

ஆக, ஹாலுக்கு ஸ்டாண்டு ரகம், கிட்டத்தட்ட எட்டாயிரம், சமையலறைக்கு நெக்பேண்டு, கீபோர்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வயர். முதலில் வாங்கிய புளூடூத், மகளின் போனோடு நிம்மதியாக இருக்கிறது. எல்லா வேலைக்கும் ஒன்றே என்று தேடியிருந்தால் இதைவிட அதிகம் செலவாகியிருக்கும், மாமாவும் டிவி சத்தத்தைக் குறைத்திருக்க மாட்டார்.

முதல் வாரமே ஒரு புகார் வந்தது. "சார்ஜே நிக்கலம்மா, மத்தியானமே அணைஞ்சு போகுது." பேட்டரிதான் மோசம் என்று மாற்றிக் கேட்கவிருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன்: ராத்திரி படுக்கப் போகும்போது டிவியின் மெயின் சுவிட்சை அணைப்பது மாமாவின் நாற்பது வருடப் பழக்கம். ஸ்டாண்டும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். விடியவிடிய ஹெட்போன் ஸ்டாண்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்டாண்டின் பிளக்கை ஃபிரிஜ் பாயிண்டுக்கு மாற்றினேன்.